பற்றாசுப் பணியில் பழுதின் முகவரி

பற்றாசு என்னும் சொல்லை இக்காலத்தில் பொற்கொல்லர் பட்டறைக்கு வெளியே கேட்பது அரிதாகிவிட்டது. இரண்டு பொற்றுண்டுகளை ஒன்றாக்குவதற்கு இடையில் வைத்து உருக்கும் உலோகத்திற்கு அப்பெயர். வெண்காரத்தைத் தூவி, ஊதுகுழலால் தீயை ஊதிப் பற்றவைப்பர். ‘பொடி வைத்து ஊதுதல்’ என்று நாம் வழங்கும் தொடரும் அப்பட்டறையிலிருந்து வந்ததே என்பர். யாப்பிலக்கணம் பயின்றோர் இச்சொல்லை மற்றோரிடத்திலும் கண்டிருப்பர். நேரிசை வெண்பாவில் முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைத்தால், ஓரசையோ ஈரசையோ இட்டு அவ்விடைவெளியை நிரப்புவர். அந்த அசைக்கு ‘ஆசு’ என்று பெயர். உலோகத்தைப் பற்றாசு ஒட்டுவது போலச் செய்யுளை அது ஒட்டுகிறதாம்.

சொல்லாராய்ச்சி செய்வது நம் நோக்கமன்று. கோலார் தங்கவயலில் இன்று எத்தனையோ இல்லங்களில் உலை கொதிப்பது இப்பற்றாசுத் தொழிலால்தான். தொழிற்சாலையில் அதற்குச் சால்டரிங் என்று பெயர். அங்கே போய்ப் பற்றாசு என்றால் எவருக்கும் விளங்காது. ஆயினும் வீட்டில் பேசிக்கொள்ளும்போது நம் பாட்டனார் காலத்துச் சொல் ஒன்று கையில் இருப்பது நல்லதே.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக வந்து குடியேறினர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை பாறையைக் குடைந்து பொன் எடுத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் இவ்வூரின் பிழைப்பு இரயில் வண்டியில் ஏறிவிட்டது எனலாம். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டியில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகச் சென்று, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். அங்கே 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும் 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின; பின்னர் எலெக்ட்ரானிக் சிட்டி எழுந்தது. நம் மாவட்டத்திலேயே நரசாபுரத்தில் 2020இல் விஸ்ட்ரான் கம்பெனி கைப்பேசி ஆலையைத் தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஊதியக் குறையால் தொழிலாளர் கொதித்தெழுந்ததும், 2023இல் அவ்வாலை டாட்டா எலெக்ட்ரானிக்ஸின் கைக்கு மாறியதும் நாடறிந்த செய்திகள்.

மின்னணுக் கருவி தங்கவயலுக்கு அதற்கு முன்பே வந்ததுண்டு. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்டில், 7,600 அடி ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் கூடி வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களுள் இடம்பெற்றனர். அக்கருவிகளோடு கூண்டில் இறங்கி உழைத்த சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளே இன்று மின்சுற்றுப் பலகைகளின் முன் அமர்ந்திருக்கின்றனர்.

அவர்கள் சந்திக்கும் ஒரு தொல்லையைப் பற்றியே எழுதப் புகுந்தோம். பலகை ஒன்று சோதனையில் தவறிவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் ஓர் இணைப்பு சரியில்லை. உடனே சால்டரிங் அயர்னை எடுத்து, ஒரு தொடு தொட்டு, சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு ‘டச்சப்’ என்று பெயர். அன்று மாலை கணக்கெழுதும்போது, ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஆப்பரேட்டர் தவறு’ என்று பதிவாகிறது. மறுநாளும் அதே இடத்தில் அதே பழுது. இப்படியே மாதம் போனால், மேசையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் பெயர் கெடுகிறது; ஒப்பந்தக் கூலியில் இருப்பவராயின் வேலையும் போகிறது. உண்மையான காரணமோ அவருக்கு நாற்பதடி முன்னே, வேறோர் இயந்திரத்தில், யாரும் தொடாமல் அப்படியே இருக்கிறது.

பழுதுக்கு ஒரு முகவரி உண்டு. அதைக் கண்டறியுமுன் அயர்னைத் தொடுவது, சாட்சியை அழிப்பதாகும். இதுவே நாம் சொல்ல வந்தது.

பலகை உருவாகும் வழியை அறியாத வீட்டார்க்காகச் சுருங்கச் சொல்வோம். பச்சை நிறப் பலகையின் மேல் சிறுசிறு செம்புத் திட்டுகள் இருக்கும். துளையிட்ட மெல்லிய எஃகுத் தகட்டை அதன்மேல் பொருத்தி, பற்றாசுக் களிம்பை வழித்துத் திட்டுகளின் மேல் மட்டும் படியச் செய்வர். நம் வீட்டு வாயிலில் கோல அச்சை வைத்து மாவைத் தட்டுவதைப் போன்றது அது. அத்தகட்டை ஸ்டென்சில் என்பர். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவே. பிறகு இயந்திரம் ஒன்று உறுப்புகளை எடுத்து அவ்வவற்றின் இடத்தில் வைக்கும். பின்னர்ப் பலகை நீண்ட உலை ஒன்றினுள் ஊர்ந்து செல்லும். களிம்பு உருகி, குளிர்ந்து, இறுகிவிடும். பெரிய கால்களுள்ள உறுப்புகளை உருகிய பற்றாசின் அலைமேல் ஓடவிட்டோ, கையாலோ பற்றவைப்பர்.

பழுதுகளிற் பெரும்பகுதி களிம்பு பூசும் இடத்திலேயே பிறக்கிறது என்பது இத்தொழிலில் ஊறியவர் யாவரும் ஒப்பும் உண்மை. ஆதலால் அங்கே சற்று நின்று பார்ப்போம். களிம்பு என்பது பொடியாக்கிய உலோக மணிகளும், ஃப்ளக்ஸ் என்னும் பசையும் கலந்த கலவை. எடையில் 100க்கு ஏறத்தாழ 90 பங்கு உலோகம். ஆனால் இடத்தை அடைக்கும் அளவில் பாதிதான் உலோகம், மறுபாதி ஃப்ளக்ஸ். பொற்கொல்லருக்கு வெண்காரம் எதுவோ, இதற்கு ஃப்ளக்ஸ் அதுவே: உலோகத்தின் மேலுள்ள துருப்படலத்தைக் கரைத்துப் பற்றாசு பரவ வழிசெய்வது. களிம்பைக் குளிர்ப்பெட்டியில் 10 டிகிரிக்குக் கீழே வைத்துக் காப்பர். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறப்பது பெரும்பிழை. மழைக்காலத்தில் குளிர்ந்த செம்பின் புறத்தே நீர்த்துளி முத்துமுத்தாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்நீர் களிம்பினுள்ளும் படிந்துவிடும். உலையில் அது கொதித்துத் தெறிக்க, சிறு உலோக உருண்டைகள் பலகையெங்கும் சிதறிக் கிடக்கும். அவ்வுருண்டை ஒன்று இரு கால்களுக்கிடையே உருண்டு நின்றால் மின்குறுக்கு நேரும். மூடிய குப்பியை ஏறத்தாழ 4 மணி நேரம் அறைச் சூட்டில் வைத்திருந்து, பின்னர்த் திறக்க வேண்டும். அடுப்பருகே வைத்து விரைவுபடுத்தல் ஆகாது. முதல் ஷிப்டில் மட்டும் உருண்டைப் பழுது மிகுதியென்றால், குப்பியை எடுத்துவைப்பவர் எப்போது வருகிறார் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

பாலப் பழுது மற்றொன்று. அடுத்தடுத்த இரு கால்களைப் பற்றாசு பாலம்போல் இணைத்துவிடுவது. நுண்ணிய ஐ.சி.களில் காலுக்குக் கால் அரை மில்லிமீட்டரே இடைவெளி. சிறிது களிம்பு பரவினாலும் போதும். ஸ்டென்சிலின் அடிப்புறம் துடைக்கப்படாமல் இருக்கலாம். பலகைக்கு அடியில் தாங்கு ஊசிகள் சரியாக நில்லாமல் பலகை தொய்ந்து, தகட்டுக்கும் திட்டுக்கும் இடையே சந்து விழுந்திருக்கலாம். இவற்றை வேறுபடுத்தி அறிவது கடினமன்று. ஐந்து பலகைக்கு ஒருமுறை தகட்டைத் துடைக்கிறார்கள். துடைத்தவுடன் வரும் பலகையில் பாலம் இல்லை, ஐந்தாவதில் மட்டும் உண்டு என்றால் அழுக்கே காரணம். எல்லாப் பலகையிலும் நடுப்பகுதியில் மட்டும் பாலம் என்றால் தாங்கு ஊசியைப் பாருங்கள். இவற்றில் டச்சப் மேசைக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை.

இரண்டே முனையுள்ள சின்னஞ்சிறு மின்தடையும் கப்பாசிட்டரும் உலையிலிருந்து வரும்போது, படுத்திருக்க வேண்டியவை ஒரு முனையில் எழுந்து நிற்பதுண்டு. ஆங்கிலேயர் இதனைக் கல்லறைக்கல் என்பர். நாம் நடுகல் எனலாம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. உருகிய உலோகத்திற்கு இழுவிசை உண்டு. ஒரு முனையின் பற்றாசு முன்னதாக உருகினால், அம்முனை உறுப்பைத் தன்பால் இழுத்து நிமிர்த்திவிடும். மறுமுனை ஏன் பிந்தியது? அத்திட்டு பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருந்தால், வெப்பம் அப்பரப்புக்குள் ஓடிவிடும். அப்போது குற்றம் பலகையை வரைந்தவருடையது. இரு திட்டுகளிலும் களிம்பின் அளவு வேறுபட்டிருந்தால் ஸ்டென்சிலுடையது. உறுப்பு கோணலாக வைக்கப்பட்டிருந்தால் வைப்பு இயந்திரத்தினுடையது. எப்போதும் ஒரே உறுப்பு, ஒரே முனையில் எழுகிறதா என்பதே முதற்கேள்வி.

உலையைப் பற்றிச் சொல்லுமுன் பழைய கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். இணைப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் அது ‘கோல்ட் சால்டர்’ எனப்பட்ட ஆறிய இணைப்பு, பழுது. இப்படியே நம் மூத்தோர் கற்றனர். 2006 ஜூலை முதல் நாளிலிருந்து ஐரோப்பிய நாடுகள் காரீயத்தை விலக்கின. அதனால் வெள்ளீயத்தோடு 3 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செம்பும் சேர்ந்த பற்றாசு பரவிற்று. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நன்றாகப் பற்றிய இணைப்பும் மங்கலாகவே தோன்றும். பளபளப்பை நம்பி, நல்ல இணைப்புகளை மீண்டும் சுடுவோர் உண்டு. அவ்வாறு மீண்டும் மீண்டும் சுட்டால் திட்டே பலகையை விட்டுப் பெயர்ந்துவிடும். இப்போது பார்க்க வேண்டியது ஒளியை அன்று, வடிவத்தை. பற்றாசு காலின்மேல் ஏறி, திட்டின்மேல் படர்ந்து, உட்குழிந்த சரிவாக நிற்க வேண்டும். வாழையிலையின் மேல் நின்ற நீர்த்துளிபோல் உருண்டு நின்றால், அது பற்றவில்லை.

உலையின் முகப்பில் காட்டும் சூடு வேறு, பலகை அடையும் சூடு வேறு. இதனை மறந்தவர் பலர். காரீயமற்ற பற்றாசுக்குப் பலகையின் மேல் 235 முதல் 250 டிகிரி வரை உச்சச் சூடு வேண்டும். 217க்கு மேல் ஏறத்தாழ ஒரு நிமிடமேனும் நிற்க வேண்டும். பெரிய உறுப்பின் அடியில் சூடு குறைந்தும், ஓரத்தில் மிகுந்தும் இருக்கும். ஆகவே தெர்மோகப்பிள் என்னும் கம்பிகளைப் பலகையின் மேலேயே ஒட்டி, உலையினுள் ஓட்டி அளக்க வேண்டும். புதிய பலகை வந்தும் பழைய பலகைக்கு அளந்த அளவிலேயே உலை ஓடுகிறதென்றால், ஆறிய இணைப்புகளுக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

இனித் தங்கத்திற்கு வருவோம். தங்கவயலார் அதனை விட்டுவிட முடியுமா? நல்ல பலகைகளின் திட்டுகளுக்குத் தங்கப் பூச்சு இடுவர். செம்பின்மேல் நிக்கல், நிக்கலின்மேல் தங்கம். ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே பல பலகைகளில் தங்கத்தின் தடிப்பு. அது அழகுக்காக அன்று. நிக்கல் துருப்பிடியாமல் காக்கும் மேலாடை. பற்றாசு உருகியவுடன் அத்தங்கம் கணத்தில் கரைந்து மறைந்துவிடும்; உண்மையான பற்று நிக்கலோடுதான். இங்கே தங்கம் மிகுந்தால் தீங்கு என்பது நம்மவர்க்கு வியப்பாக இருக்கும். பற்றாசினுள் தங்கம் எடையில் 100க்கு 3 பங்குக்கு மேற்பட்டால், இணைப்பு வறண்ட வெல்லம்போல் நொறுங்கும். ஆதலால் தடித்த தங்கப் பூச்சுள்ள கால்களை முதலில் உருகிய பற்றாசில் தோய்த்தெடுத்துத் தங்கத்தைக் களைந்துவிட்டே பொருத்துவர்.

மற்றொன்று கருந்திட்டு. இணைப்பு பார்வைக்கு நன்றாக இருக்கும். சிறிது அதிர்ச்சியில் உறுப்பு அப்படியே கழன்றுவிடும். கீழே நிக்கல் கருத்துக் கிடக்கும். தங்கம் பூசுகையில் நிக்கல் அரிக்கப்பட்டதே காரணம். குற்றம் வெற்றுப் பலகையைச் செய்து அனுப்பிய ஆலையுடையது. எந்த அயர்னாலும் அதனைச் சரிசெய்ய முடியாது. அத்தகைய பலகையை டச்சப் செய்து அனுப்புவது, பழுதை வாங்குபவர் வீட்டுக்கு ஏற்றுமதி செய்வதே. கழன்ற உறுப்பையும் பலகையையும் எறிந்துவிடாமல் உறையிலிட்டு மேலாளரிடம் கொடுப்பவரே கம்பெனிக்கு உண்மையான நன்மை செய்தவர்.

கண்ணுக்கே தெரியாத இணைப்புகளும் உண்டு. சில ஐ.சி.களுக்குக் கால் கிடையாது. வயிற்றின் அடியில் பற்றாசு உருண்டைகளே இருக்கும். சூட்டில் ஐ.சி. வளைந்து எழும்பினால், உருண்டை களிம்பின்மேல் தலையணையில் தலை வைத்தாற்போல் கிடக்குமேயன்றி ஒன்றுபடாது. எக்ஸ்ரேயிலும் இது எளிதில் அகப்படுவதில்லை. ஐ.சி.கள் ஈரத்தையும் உறிஞ்சும்; உலையில் அந்த ஈரம் ஆவியாகி, சோளம் பொரிவதுபோல் உடலைப் பிளக்கும். அதனாலேயே அவை ஈரம் புகா உறையில் வருகின்றன. மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவற்றை உறை பிரித்த 168 மணி நேரத்திற்குள் உலையேற்ற வேண்டும். உறை பிரித்த நேரத்தை எழுதாமல் விட்ட கை ஒன்று. பழி சுமப்பது மற்றொரு கை.

முகவரி காணும் முறை இதுதான்: ஒரு சிறு குறிப்பேடு. பலகையின் எண், உறுப்பின் எண், எந்த முனை, எத்தனை மணி, களிம்புக் குப்பி திறந்த நேரம். வேறொன்றும் வேண்டாம். ஒரு வாரம் எழுதினால் கோலம் தானே தெரியும். எல்லாப் பலகையிலும் ஒரே உறுப்பா? வரைபடத்தையும் ஸ்டென்சிலையும் பாருங்கள். ஒரே நேரத்தில் மட்டுமா? களிம்பையும் உலையையும் பாருங்கள். ஒரே சரக்குத் தொகுதியிலா? வாங்கிய இடத்தைப் பாருங்கள். இடமும் நேரமும் இன்றிச் சிதறி வந்தால் மட்டுமே கையாளும் முறையை ஐயுற வேண்டும். நம் சுரங்கங்களில் பாறை வெடிப்பை ஆராய்ந்தவர்களும், எங்கே, எப்போது, எவ்வளவு என்று குறித்துவைத்துத்தான் தொடங்கினர்.

குறிப்பேட்டோடு வரும் தொழிலாளியிடம் ‘உன் தவறு’ என்று சொல்வது எளிதன்று. சிலர் முகஞ்சுளிப்பர், அதற்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆயினும் டச்சப் மேசையிலிருந்து பிராசஸ் டெக்னீஷியன் என்னும் நிலைக்கு ஏறுவோர் பெரும்பாலும் இப்படி எழுதி வைப்பவர்களே. இணைப்பு ஏற்கத்தக்கதா, அன்றா என்பதற்கு உலகெங்கும் வழங்கும் ஐ.பி.சி.-ஏ-610 என்னும் அளவுநூல் உண்டு. சாதாரணப் பொருள், நீடித்துழைக்க வேண்டிய பொருள், உயிர் காக்கும் பொருள் என மூன்று வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியளவு கூறும். அதற்குச் சான்றிதழ்ப் பயிற்சியும் உண்டு. மேற்பார்வையாளர் ‘நன்றாயில்லை’ என்றால், ‘எந்த வகுப்பின்படி?’ என்று பணிவோடு கேட்கும் உரிமையை அந்நூல் தருகிறது.

கையால் பற்றவைப்போர்க்கு இரண்டு சொற்கள். அயர்னின் நுனி கருத்திருந்தால் சூடு கடத்தாது. அப்போது 350 டிகிரியை 420 ஆக்குவது தவறு, நுனியைத் துடைத்துப் பற்றாசு பூசுவதே சரி. கம்பியை நுனியில் உருக்கித் தடவலாகாது. காலையும் திட்டையும் சேர்த்துச் சுட்டு, அச்சூட்டில் கம்பியை உருகச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று விநாடி போதும்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து நம் பாட்டனார்கள் மூச்சிரைத்த வீடுகள் இங்கே தெருத்தோறும் உண்டு. ‘தூசு நோய்’ என்று சொன்னாலே கிழவிகளுக்குக் கண் கலங்கும். பற்றாசுப் புகை அத்துணைக் கொடியதன்று. ஆயினும் ஃப்ளக்ஸிலுள்ள குங்கிலியப் பிசினின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவர் நிறுவியது. ஆகவே புகையுறிஞ்சிக் குழாய் மேசையருகே ஓடுகிறதா என்று பாருங்கள்; ஓடாவிட்டால் சங்கத்தின் வாயிலாகவோ, ஐந்தாறு பேர் சேர்ந்தோ எழுத்து மூலம் கேளுங்கள். தனியொருவராகக் கேட்பதினும் அது பயன்தரும். காரீயப் பற்றாசு இன்றும் சில இடங்களில் உண்டு. அச்சூட்டில் காரீயம் ஆவியாகி மூக்கில் ஏறுவதில்லை. விரலிலிருந்து வாய்க்குச் செல்கிறது. கருவுற்ற பெண்கள் அவ்வேலையிலிருந்து மாற்றம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சோற்றுப் பெட்டியைத் திறக்குமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். மேலங்கியை ஆலையிலேயே விட்டு வாருங்கள். குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.